ஒரு ஆள் இறங்கட்டும்

திருவண்ணாமலையில் கல்யாணம் முடிந்து, படுக்கையும் அடுப்பும் வைத்த சுற்றுலா வேன் பெங்களூருக்குக் கிளம்ப நின்றது. உள்ளே உறவுக்காரர்களோடு சீராக வந்த பீரோ, கட்டில், கிரைண்டர். சீரில் வந்த புதுக் காரையும் வேனுக்குப் பின்னால் கம்பி போட்டு மாட்டியிருந்தார் மாப்பிள்ளையின் அப்பா ராஜமாணிக்கம். இரண்டும் ஒன்றாகப் போவதை ஊர் பார்க்க வேண்டுமாம்.

வேன் ஜன்னலில் தலையை நீட்டினாள் மணப்பெண் தமிழ்செல்வி. "வண்டி மேல எழுதியிருக்கிற எடைக்கு லோடு ஜாஸ்திங்க. பின்னால கார் வேற. இறக்கத்துல பிரேக் போட்டா, அது வேனைத் தள்ளிக்கினு போய்டும். பீரோவையும் கட்டிலையும் இறக்குங்க."

"பி.எஸ்சி. படிப்புல டிரைவர் வேலையும் சொல்லிக் குடுத்தாங்களா?" ராஜமாணிக்கம் சிரித்தார்.

"உள்ள கொழந்தைங்க இருக்குதுங்க."

"ஒரு சாமானும் இறங்காது. கம்மி பண்ணணும்னா யாராவது ஒரு ஆள் இறங்கி பஸ்ல வரட்டும்."

வேனில் யாரும் அசையவில்லை. மாப்பிள்ளை பிரசாத் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தமிழ்செல்வி எழுந்தாள். காலையில் அவன் போட்ட மாலையைக் கழற்றி அவன் மடியிலேயே வைத்துவிட்டு இறங்கினாள்.

"எங்கம்மா போற?" ராஜமாணிக்கம் பதறினார்.

"ஆள் இறங்கச் சொன்னீங்க மாமா, இறங்கிட்டேன். பொண்ணே இல்லாத வண்டியில பொண்ணோட சீரு எதுக்கு? முதல்ல காரைக் கழட்டுங்க."