சொந்தமா, வாடகையா

நுஹாத் ஒரு கையால் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். இன்னொரு கையில் மூடி போட்ட தட்டில் சூடான தோல்மா. அக்கம்பக்கத்தில் பழகிக்கொள்ள ஒருத்தி திராட்சை இலையில் சோறு சுருட்டி எடுத்துப்போனால் ஈராக்கின் மோசூல் நகரத்தில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

அது அவளுடைய வீடு.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கணவன் தன்னூனோடு அவள் வாழ்ந்த வீடு. சண்டையின் கடைசி நாட்களில் மகள் ரஃபலைத் தூக்கிக்கொண்டு, போட்டது போட்டபடி ஓடினார்கள். ஊர் எல்லையில் சோதனைச் சாவடி. ஆண்களைத் தனியாக ஒரு பக்கம் நிற்கச் சொன்னார்கள். பெண்கள் வரிசை நகர்ந்தது.

அதற்குப் பிறகு தன்னூனை அவள் பார்க்கவில்லை.

அத்தனை வருஷமும் அர்பிலில் அண்ணன் வீட்டில் ஒண்டியிருந்தாள். எங்கே பழைய புதைகுழியைத் தோண்டினாலும் அவனைத் தேடிப் போய் நின்றாள். எலும்புகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ரஃபலின் ரத்தத்தையும் கொடுத்து வைத்திருந்தாள்.

இந்த வருஷம் ஊர் திரும்பியபோது வீட்டில் விளக்கு எரிந்தது. இடிந்த பாதிக்கு யாரோ கூரை போட்டிருந்தார்கள். கதவுக்குப் புதுச் சாயம். நுஹாத் எதிரிலேயே ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தாள்.

“போய்ச் சண்டை போட்டுடாதீங்க,” என்றார் வக்கீல். “காணாமப் போனவங்க வீட்டையெல்லாம் கள்ளக் கையெழுத்துப் போட்டு வித்துத் தின்னுட்டானுங்க. இவங்க இருக்கறது சொந்தமா, வாடகையா, யார்கிட்ட வாங்கினாங்க, அத மட்டும் தெரிஞ்சுட்டு வாங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்.”

கதவைத் திறந்தவள் இருபது வயசு தாண்டியிராத பெண். ஹஸ்னா என்று பெயர் சொன்னாள். இடுப்பில் குழந்தை.

“எதிர்ல வந்திருக்கற அக்காதானே? வாங்க, உள்ள வாங்க. கைநிறையச் சோத்தோட வந்தவங்கள வாசல்ல நிக்க வைக்கறதா?”

நுஹாத் தன் வீட்டுக்குள் விருந்தாளியாக நுழைந்தாள். காட்டிய இடத்தில் உட்கார்ந்தாள். சமையலறை எந்தப் பக்கம் என்று தெரியாதவள்போல் தலையைத் திருப்பாமல் இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

தேநீர் வந்தது.

“எனக்கு அறை குடுத்தவன் மாசம் பொறக்கறதுக்கு முன்னயே கதவத் தட்டறான்,” என்றாள் நுஹாத். “உங்களுக்கு எப்படிம்மா, சொந்தமா, வாடகையா?”

“அல்லா புண்ணியத்துல சொந்தம்தான் அக்கா. அவர் லாரி ஓட்டிச் சேத்தது, என் கழுத்துல காதுல கெடந்தது, எல்லாம் இந்தச் சொவத்துக்குள்ளதான் இருக்கு.”

“யார் வித்தாங்க?”

“சொந்தக்காரரே நேர்ல வந்து எழுதிக் குடுத்தார். தன்னூன்னு பேரு.”

நுஹாத்துக்குப் பாரம் இறங்கியதுபோல் இருந்தது. வக்கீல் சொன்னது சரிதான். எவனோ அவள் கணவன் பெயரில் ஓர் அடையாள அட்டை தயாரித்துக்கொண்டு வந்திருக்கிறான். இனி வழக்குப் போடலாம். வீடு திரும்பக் கிடைத்துவிடும்.

“பாவம் அந்த மனுஷன்,” ஹஸ்னா குழந்தையை மடி மாற்றிக்கொண்டாள். “பொண்டாட்டி புள்ள ரெண்டு பேரும் சண்டையில போயிட்டாங்களாம். இப்ப வேற கட்டிக்கிட்டு பஸ்ரா பக்கம் இருக்காராம். நாங்க சொன்ன வெலைக்கு மறுபேச்சே பேசல. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார். முத்தத்து நாரத்த மரத்தடியில மட்டும் தோண்டிடாதீங்கன்னார். ஏன்னு சொல்லல. கண்ணு கலங்கிடுச்சு.”

நுஹாத் முற்றத்தின் பக்கம் பார்க்கவில்லை.

குண்டு விழுந்துகொண்டிருந்த ஒரு விடியலில், மூச்சில்லாமல் பிறந்த மகனைத் தன்னூன் அங்கேதான் புதைத்தான். இடுகாட்டுக்குப் போக வழியில்லை. ரஃபல் நிலவறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். தம்பி ஒருவன் பிறந்ததே அவளுக்குத் தெரியாது. அந்த இடம் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர்.

அர்பிலில் அண்ணனின் கைப்பேசி எண் இன்றுவரை மாறவில்லை. நுஹாத்தான் மாற்ற விடவில்லை. அந்த எண் தன்னூனுக்கு மனப்பாடம்.

“தோண்டிட்டீங்களா?” என்று கேட்டாள்.

“சேச்சே. அந்தப் பக்கம் மண்வெட்டியே படல அக்கா.”

“படவேண்டாம்.”

வீடு நல்லபடியாக அமையட்டும் என்று வாழ்த்திவிட்டு எழுந்தாள். அந்தப் பெண்மீது அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

அறையில் ரஃபல் எழுந்து நின்றுகொண்டே காத்திருந்தாள். “என்னம்மா, சொந்தமா, வாடகையா?”

நுஹாத் முக்காட்டை அவிழ்த்தாள். மடித்தாள். பிரித்து மறுபடியும் மடித்தாள்.

“சொந்தம்தான். எவனோ ஒரு திருடன் அப்பா பேரச் சொல்லி வித்துட்டான்.”

“அப்ப கேஸ் போட்டுடலாம்மா. பத்திரத்துல இருக்கற கையெழுத்தப் பாத்தாலே தெரிஞ்சுடுமே, அப்பாவோடது இல்லன்னு.”

“வேணாம்.”

“ஏம்மா?”

“அவ கைப்புள்ளக்காரி. அவள எங்க போகச் சொல்றது? விடு. நாம அர்பிலுக்கே போயிடலாம்.”

ரஃபல் அம்மாவை வெறித்துப் பார்த்தாள். பிறகு ஜன்னலுக்குப் போய், எதிர்வீட்டைப் பார்த்தபடி நின்றாள்.

“அப்பா மட்டும் உயிரோட இருந்திருந்தா,” என்றாள், திரும்பாமலேயே, “நம்ம வீட்ட இப்படி விட்டுக் குடுத்திருப்பாரா?”