நான்கு நொடி

திருடன் யார் என்பதில் கோச் ரோலண்டுக்குச் சந்தேகமே இல்லை. அந்தத் திருடர் எதிரே உட்கார்ந்து எலுமிச்சை கேக் தட்டை நீட்டிக்கொண்டிருந்தார்.

"கேக்கெல்லாம் வேண்டாம் டுவேன். எங்க பசங்க கோப்பையைக் குடு."

பைன் ஹாலோ ஐஸ் ஹாக்கி அரங்கத்தின் மேலாளர் டுவேன், தட்டை லினெட் பக்கம் தள்ளினார். புகாரை விசாரிக்க விளையாட்டுச் சங்கம் அனுப்பிய கம்ப்யூட்டர் நிபுணர் அவள். ஒரு துண்டு எடுத்துக்கொண்டாள். மினசோட்டாவில் விசாரணைக்கு வந்தாலும் கேக்கை மறுப்பது மரியாதையில்லை.

போன சனிக்கிழமை இறுதி ஆட்டத்தில் பைன் ஹாலோ பிள்ளைகள் கடைசி நொடியில் கோல் போட்டு, ரோலண்டின் காட்மன் அணியைத் தோற்கடித்தார்கள். பதினேழு நிமிடம் ஓட வேண்டிய கடைசிப் பகுதி, ரோலண்டின் கைக்கடிகாரத்தில் நான்கு நொடி கூடுதலாக ஓடியிருந்தது.

லினெட் ஸ்கோர் போர்டின் கம்ப்யூட்டரோடு தன் லேப்டாப்பை இணைத்தாள். போர்டு செய்த கம்பெனியின் புரோகிராம் காகிதத்தில் இருந்தது. வரிக்கு வரி படித்துவிட்டாள், ஒரு தப்பும் இல்லை.

டுவேன் தொண்டையைச் செருமினார். "இந்த போர்டை நாங்க வாங்கும்போதே..."

"நீ பேசாதே. உங்க அரங்கம், உங்க போர்டு, உங்க கைவரிசை!"

டுவேன் கத்தியை எடுத்துக் கேக்கில் இன்னும் ஒரு துண்டு வெட்டினார்.

லினெட் பிழை தேடும் புரோகிராமான டீபக்கரைத் திறந்து ஒரு வரி தட்டினாள். காகிதத்தில் என்ன எழுதியிருந்தாலும், இயந்திரம் நிஜமாகச் செய்யும் கட்டளைகள் அந்தக் கறுப்புத் திரையில்தான் தெரியும். ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தாள்.

ரோலண்டால் சும்மா இருக்க முடியவில்லை. "எங்க ஊர் அரங்கத்துல பதினொரு கோப்பை ஜெயிச்சோம் தெரியுமா? பத்தொன்பது வருஷம், அங்க வந்து எவனும் எங்களை ஜெயிச்சதில்ல. நாங்க புது அரங்கம் கட்டின இந்த ரெண்டு வருஷமாத்தான் நேரம் சரியில்ல."

லினெட்டின் விரல் நின்றது. காகிதத்தில் இல்லாத நான்கு கட்டளைகள்.

"யாரோ பிற்பாடு சொருகியிருக்காங்க," என்றாள். "கடைசிப் பகுதியில மட்டும் வேலை செய்யுது. உள்ளூர் டீம் முன்னாடி இருந்தா கடிகாரம் ஒழுங்கா ஓடும். இல்லன்னா நிமிஷத்துக்குக் கால் நொடி இழுத்தடிக்கும்."

ரோலண்ட் மேசையைத் தட்டினார். "நான் சொல்லல?"

டுவேன் முகம் வெளுத்துவிட்டது. கோப்பையைக் கட்டிப்பிடித்துத் தூங்கிய பதினெட்டுப் பிள்ளைகளிடம் இதை அவர்தான் சொல்ல வேண்டும். லினெட்டுக்கே பாவமாக இருந்தது.

"சொருகினது எப்போன்னு தெரியுமா?" என்றார் ரோலண்ட்.

அவள் புரோகிராம் ஃபைலின் தேதியைப் பார்த்தாள். "இருபத்தொரு வருஷம் ஆச்சு."

"இருபத்தொரு வருஷமா ஊரை ஏமாத்தியிருக்கானுங்க! எழுதுங்கம்மா. இந்த போர்டை வச்சு சொந்த அரங்கத்துல ஜெயிச்ச கோப்பை ஒண்ணும் செல்லாது. முதல் நாள்லேருந்து அத்தனையும் திருப்பிக் குடுக்கணும். பத்திரிகையில மன்னிப்பும் கேக்கணும்."

"அத்தனையுமா?"

"அத்தனையும்! ஒண்ணுகூட விடக்கூடாது."

லினெட் எழுதினாள். புகார்தாரர் ரோலண்ட் பேனா அழுந்தக் கையெழுத்துப் போட்டார். டுவேன் மெல்ல எழுந்து போய், கண்ணாடிப் பெட்டியிலிருந்து சனிக்கிழமைக் கோப்பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பக்கத்தில் கேக் தட்டையும் மறுபடி நகர்த்தினார்.

"இப்பவாவது பேசலாம், சொல்லு," என்றார் ரோலண்ட் ஒரு துண்டைக் கடித்துக்கொண்டே. "உன் பக்கம் ஏதாவது உண்டா?"

"ஒண்ணே ஒண்ணுதான் கோச். உங்க பழைய அரங்கத்தை இடிச்சப்போ ஏலத்துல எடுத்த போர்டு இது."