நோலீன் தேர்ந்தெடுத்த கொக்கி

"இது சரிப்படாது. கழட்டிட்டு அடுத்ததை மாட்டு, கிளைவ்."

மடக்கு நாற்காலியில் சாய்ந்தபடி நோலீன் உத்தரவிட்டார். ஒரு கையில் தேநீர், மடியில் ஒரு நோட்டு.

கணவர் கிளைவ் வெயிலில் நின்றார். வயது எழுபத்தொன்று. பிப்ரவரியில் வந்த பக்கவாதம், வலது கையைப் பாதி உயிரோடு விட்டுவிட்டுப் போயிருந்தது.

ஆஸ்திரேலியாவின் போர்ட் அகஸ்டாவில், பாலைவனப் பாதைக்குக் கிளம்புகிறவர்கள் கடைசியாக நிற்கும் கடை அது. படுக்கையும் அடுப்பும் உள்ள கேம்பர் டிரெய்லரை வண்டியோடு பிணைக்கும் கொக்கிகளும், குலுங்காமல் தாங்கும் ஸ்பிரிங்குகளும் விற்பார்கள். முற்றத்தில் நிற்கும் மாதிரி டிரெய்லர்களில் மாட்டிப் பார்த்தே வாங்கலாம். அதற்காக ஆறாவது கொக்கிக்கும் போகிற ஆளை, விற்பனையாளர் டாரில் தன் பத்தொன்பது வருட அனுபவத்தில் பார்த்ததில்லை.

"வலது கையால சுத்து. இடது கையை பாக்கெட்டுல போடு."

"ஏன், இடது கைக்கு இன்னைக்கு லீவா?"

"வழியில அந்தக் கை டார்ச் பிடிக்கும். நீயே மாட்டினாத்தான் ஜூன் மாசம் பயணம். இல்லேன்னா வீட்டுல உட்கார்ந்து புல் வளர்றதைப் பார்த்துட்டு இரு."

கிளைவ் பல்லைக் கடித்துக்கொண்டு ஜாக்கியின் கைப்பிடியைச் சுற்றினார். டிரெய்லரின் மூக்கு அங்குலம் அங்குலமாக உயர்ந்தது. உதவிக்குப் போனார் டாரில்.

"தொடாதே, தம்பி!"

"பாவம் மேடம், வேர்த்துக் கொட்டுது. பட்டனை அமுக்கினா தானே தூக்குற மாடல் ஒண்ணு இருக்கு."

"அதைச் சோம்பேறிங்களுக்கு வித்துக்கோ."

ஓரமாக நின்று கறி பஃப்ஸ் தின்றுகொண்டிருந்த லாரி டிரைவர் முணுமுணுத்தார். "கொக்கியில மாட்டினது டிரெய்லர் இல்ல, அந்த மனுஷன்."

நோலீன் அடுத்து சஸ்பென்ஷனுக்குத் தாவினார். "குனிஞ்சு பாரு. பட்டை ஸ்பிரிங்கா, சுருள் ஸ்பிரிங்கா?"

கிளைவ் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி, எழுந்தார். "பட்டை."

"எத்தனை பட்டை?"

மறுபடி குந்தினார். "ஆறு."

"முதல் டிரெய்லர்ல?"

"மறந்துட்டேன்."

"போய்ப் பார்த்துட்டு வா."

"உனக்குப் பதிலா ஒரு ஒட்டகத்தைக் கட்டியிருக்கலாம், நோலீன்!"

"ஒட்டகம் டீ போடாது. நட."

ஏழாவது கொக்கி. வலது கை விரல்களால் அதன் பூட்டு ஆணியை அழுத்தினார். நழுவியது. மறுபடி அழுத்தினார். 'க்ளிக்.'

"போயிடுச்சு! உள்ள போயிடுச்சு!"

கிளைவின் வலது கை தோளுக்கு மேலே உயர்ந்திருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை. நோலீன் கவனித்தார். நோட்டில் ஒரு கோடு போட்டார்.

கிளைவ் முகம் கழுவப் போனதும், டாரில் எரிச்சலை அடக்கிக்கொண்டு ஆர்டர் புத்தகத்தைத் திறந்தார்.

"சரி மேடம், எந்தக் கொக்கி? எந்த ஸ்பிரிங்?"

"எதுவும் எழுத வேண்டாம். ரெண்டையும் எட்டாம் தேதியே உங்க முதலாளிகிட்ட போன்ல சொல்லிட்டேன். உள்ள இருக்கும் பாரு."

இருந்தது. பெட்டியின் மேல் நோலீன் பெயர்.

டாரிலுக்குப் பொறுக்கவில்லை. "அப்புறம் எதுக்கு மேடம் அந்த மனுஷனை ரெண்டு மணி நேரமா இந்தப் பாடு படுத்தினீங்க?"

நோலீன் நோட்டைத் திருப்பிக் காட்டினார். உள்ளே ஒட்டியிருந்த தாளின் தலைப்பில் ஆஸ்பத்திரியின் பெயர். கீழே: குந்தி எழுதல், இருபது. வலது கையால் சுற்றுதல், அறுபது. விரலால் அழுத்துதல், முப்பது. எல்லாவற்றுக்கும் எதிரே கோடுகள் நிரம்பியிருந்தன.

"ரப்பர் பந்து கொடுத்து தினம் அமுக்கச் சொன்னாங்க. இவரு அன்னைக்கே அதை நாய்க்குத் தூக்கிப் போட்டுட்டாரு" என்றார் நோலீன், நாற்காலியை மடக்கியபடி. "நாளைக்கு டயர் பார்க்கக் கூட்டிட்டுப் போறேன்."