ஒரு சிறங்கைத் தண்ணீர்

“தண்ணிக்குள்ளேயே பிறந்து தண்ணிக்குள்ளேயே வளர்ந்தவன், ஒரு சிறங்கைத் தண்ணிக்கு ஏன் இப்பிடிப் பயப்படுறான்? க்ஹூம்!”

அந்த ‘க்ஹூம்’ மாதா கோயில் மூப்பர் கயித்தானுடையது. எதிலாவது சந்தேகம் வந்தால் முதலில் அவருடைய தொண்டைதான் சந்தேகப்படும். வாய் பிறகுதான்.

பாயில் கிடந்தவன் கதிர்காமத்தம்பி, வாவியில் வலை வீசுகிறவன். மலேரியாக் காய்ச்சல் ஊர் ஊராய்ச் சுற்றிய முப்பத்தைந்தாம் ஆண்டு அது. களுவாஞ்சிக்குடி ஆஸ்பத்திரி அப்போதிக்கரி கொயினா மருந்து கொடுத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய்விட்டார்.

வேதக்காரி திரேசம்மாவைக் கட்டியவன். ஞாயிறு தவறாமல் பூசைக்கு வந்து கடைசியில் நிற்பான். ஞானஸ்நானம் மட்டும் வாங்கவில்லை. வாங்காமல் கண்ணை மூடினால் மோட்சம் இல்லை என்று ஊரே முடிவுகட்டியிருந்தது.

சுவாமியாரைத் தோணியில் கூட்டிவந்தாயிற்று. வெள்ளைக்காரர். தமிழைப் புத்தகத்தில் படித்தவர், புத்தகம் திறந்ததுபோலவே பேசுவார்.

“மகனே, நீ விசுவசிக்கின்றாயா?”

“ஓம் சாமி.”

“ஞானஸ்நானம் பெற்றுக்கொள்ள உனக்கு விருப்பம் உண்டா?”

“இல்ல சாமி.”

வாசலை அடைத்துக்கொண்டு நின்ற ஞானம்மா மாமிக்கு எதையும் இரண்டு தரம் சொன்னால்தான் செமிக்கும். “கேட்டியாகா, கேட்டியா? இல்லையாம் கா, இல்லையாம்! பூசை முடிஞ்சா இவன் நேர வீட்ட போறானா? சவம் புதைக்கிற சேமக்காலைப் பக்கம் போறான், வேலிக்கு வெளியால. மடிக்குள்ள என்னத்தையோ ஒளிச்சுக்கொண்டு, ஒளிச்சுக்கொண்டு!”

மூப்பர் நிமிர்ந்தார். “க்ஹூம். பீடத்து மெழுகுதிரிக் கட்டையெல்லாம் எங்க போகுதெண்டு இப்பதான் விளங்குது. செய்வினை செய்யிறதுக்கு நம்மட கோயில் மெழுகு! சாமி, இவன் வேதத்துக்கு வந்தவனில்ல. வேவு பாக்க வந்தவன்.”

“சொல்லு மகனே. நீ எதற்காக அஞ்சுகின்றாய்?” என்றார் சுவாமியார். கையிலிருந்த தண்ணீர்க் கிண்ணத்தை இன்னும் கீழே வைக்கவில்லை.

கதிர்காமத்தம்பி சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“பாத்தியாகா, முகத்தக் கிறுக்கிற்றான், கிறுக்கிற்றான்!”

திரேசம்மா கால்மாட்டிலிருந்து எழுந்து வந்தாள். “இஞ்ச பாருங்க. நான் செத்தா மோட்சத்துக்குப் போவன். நீங்க வராட்டி அங்க நான் தனிய நிக்கிறதா?”

அதற்குத்தான் அவன் திரும்பினான்.

“நீ தனிய நிக்கமாட்டாய் புள்ள. மாதா இரிக்கா. உன்ட அம்மா இரிக்கா.” மூச்சு வாங்கியது. “நம்மட மகளோட ஆர் இரிக்கா?”

ஞானம்மா மாமி ஒரு தரம்கூடப் பேசவில்லை.

அந்த மகள் உயிரில்லாமல் பிறந்தவள். உயிரில்லாத உடம்புக்கு ஞானஸ்நானம் இல்லை. ஞானஸ்நானம் இல்லாததற்குச் சேமக்காலையில் இடமில்லை. வேலிக்கு வெளியே புதைக்கச் சொன்னவர் இதே மூப்பர்தான். ‘இஞ்ச வெளிய எண்டா அங்கயும் வெளியதான்’ என்று விளக்கமும் சொன்னவர்.

“தண்ணி வாங்கினா நான் உள்ள போயிருவன் சாமி. மூப்பர் பொய் சொல்லமாட்டார். பிள்ள வெளிய நிக்கும். பெத்தவனெண்டு ஒருத்தன் அதுக்குப் பக்கத்தில நிக்கவேணும்தானே? மெழுகுதிரிக் கட்ட நான்தான் எடுத்தன். அதுக்கு வெளிச்சம் வேணுமெண்டு கொண்டுபோய்க் கொளுத்தினன். களவுதான். மன்னிச்சுக்கொள்ளுங்க.”

சுவாமியாருடைய புத்தகத்தில் அடுத்த வரி உடனே கிடைக்கவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

“தண்ணீருக்குக் கட்டுப்பட்டவர்கள் நாம், மகனே. சர்வேசுரன் அல்லர்.”

“அப்ப வேலி என்னத்துக்கு சாமி?”

கிண்ணத்துத் தண்ணீர் கிண்ணத்திலேயே இருந்தது. சுவாமியார் அன்று ஊரிலேயே தங்கினார். மூப்பர் எப்போது எழுந்து போனார் என்று ஒருவரும் கவனிக்கவில்லை.

“கோவிச்சுக்கொண்டு போயிற்றார் கா, கோவிச்சுக்கொண்டு. கோயில் மெழுகெல்லோ!” என்றாள் ஞானம்மா மாமி.

மறுநாள் காலையில் அவள்தான் ஓடிவந்தாள். தலைமயிர் அவிழ்ந்தது தெரியாமல் ஓடிவந்தாள்.

“வேலி நடந்திரிக்கி சாமி, நடந்திரிக்கி! சேமக்காலை வேலி!”

ஊர் திரண்டுபோய்ப் பார்த்தது. நேற்றுவரை இருந்த இடத்தில் வெறும் குழிகள். வேலியின் கிளுவைக் கதியால்கள் வெளியே தள்ளி, வளைந்து போய், புதிதாக நின்றன. அந்தச் சின்ன மண்மேடு இப்போது வேலிக்கு உள்ளே. அதன் தலைமாட்டில் ஒரு மெழுகுதிரி. கட்டையல்ல, முழுசு.

“செய்வினைதான், செய்வினைதான்!” என்றாள் ஞானம்மா மாமி.

“ஆர் செய்தது, மூப்பர்?” என்று ஊர் கேட்டது.

“க்ஹூம். மாடு இடிச்சிரிக்கும்.”

மாடு கதியாலைப் பிடுங்கும், சரி. திரும்ப நட்டு, வரிச்சுக் கட்டி, மெழுகுதிரியும் கொளுத்துமா என்று கேட்க ஒருவருக்கும் துணிவில்லை.

செய்தி கேட்ட கதிர்காமத்தம்பி, “சாமியக் கூப்பிடு புள்ள” என்றான்.

சுவாமியார் ஒரு சிறங்கைத் தண்ணீர் ஊற்றினார். “இவனுக்கு ஞானத் தகப்பன் யார்?” என்று கேட்டார்.

“க்ஹூம்” என்று ஒரு குரல் வந்தது.

கதிர்காமத்தம்பியின் தோளில் கயித்தான் மூப்பர் வைத்த கையில், உள்ளங்கை முழுக்கக் கிளுவை முள் கிழித்திருந்தது.