பாதையோரப் புதர்

டவுன்ஸ்வில் ராணுவ முகாமில் வேலை பார்க்கும் டேரனும் அவன் மனைவி லியானும் ஓடைக்கரைக்குப் பிக்னிக் போன இடத்தில், அவர்களுடைய மூன்று வயது மகன் ஃபின் காணாமல் போனான்.

போலீஸ் வந்தது. பக்கத்துப் பண்ணை ஆட்களும் வந்தார்கள். ஹெலிகாப்டர் தலைக்கு மேலேயே சுற்றியது. தொண்டை கட்டும்வரை எல்லோரும் கூப்பிட்டுப் பார்த்தார்கள்.

மூன்றாம் நாள், பிரிஸ்பேனிலிருந்து வந்த மோப்ப நாய்தான் கண்டுபிடித்தது. தேடியவர்கள் போய் வந்த அதே பாதையின் ஓரத்தில், ஒரு புதரடியில் கிடந்தான் ஃபின். வெயிலில் மயங்கியிருக்கிறான், நேற்றுவரை உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர்.

லியான், தேடுதலை நடத்திய போலீஸ் சார்ஜென்ட்டின் சட்டையைப் பிடித்தாள்.

"இந்த வழியாத்தானே போனீங்க, வந்தீங்க! காலடியில கெடந்த புள்ள தெரியலையா? உங்களுக்கெல்லாம் கண்ணு இருக்கா?"

டேரன்தான் அவள் கையை விலக்கினான்.

"அவரை விடு, லியான். அப்பா மாதிரியே இருக்கட்டும்னு ஆசைப்பட்டு, அந்த டிரஸ்ஸை நான்தானே வாங்கிப் போட்டேன்!"

பிள்ளையின் உடம்பில் இருந்தது பச்சையும் பழுப்புமாய்த் திட்டுத்திட்டான உடுப்பு. காட்டில் எதிரியின் கண்ணுக்குத் தப்புவதற்காக டேரன் போடும் ராணுவ உடுப்பின் குட்டி நகல்.

துணிக்கடைகளின் குழந்தைகள் பகுதியில் இந்த வருஷம் அதற்குத்தான் ஏகக் கிராக்கி.