நேர் விமானம்

மாலை நாலு மணி ஐந்து நிமிடம். விமான நிலையம் மூன்றாவது முதலாளியின் கைக்குப் போய் ஒரு மாதம் ஆகிறது. அவர் விமானக் கம்பெனிகளிடம் வாங்கும் கட்டணத்தை ஏற்றியதில் பெருநகருக்குப் போகும் நேர் விமானம் இன்றோடு நிற்கிறது. இனி இரண்டு விமானம் மாற வேண்டும். வழியிலேயே ஒரு நாள் போய்விடும். பெருநகரில் வேலை பார்க்கும் அறிவிப்பாளரின் மகளால் இரண்டு நாள் விடுப்பில் இனி வந்து திரும்ப முடியாது. அறிவிப்பாளர் கண்ணாடி அறைக்குள் ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்திருக்கிறாள். எதிரே காலி நாற்காலிகளின் மேல் வெயில் நீளமாகக் கிடக்கிறது. மற்ற பயணிகள் எல்லாரும் ஏறிவிட்டார்கள். மகள் மட்டும் மடியில் பையோடு கண்ணாடிக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். ஏறாத பயணியை மூன்று முறை பெயர் சொல்லி அழைப்பது இங்கே வழக்கம். மகளை இரண்டு முறை அழைத்தாகிவிட்டது. இரண்டாவது முறை, பழக்கதோஷத்தில், முதல் முதலாளியின் கம்பெனிப் பெயரைச் சொல்லி அம்மா நன்றி கூறிவிட்டாள். உடனே வாக்கிடாக்கியில், விமானம் ஏறும் வாசலில் நிற்கும் வாசல்காரர் சிரித்தார்: "அக்கா, அந்தக் கம்பெனி போய் ஆறு வருஷம் ஆச்சு. ஆவிக்கா நன்றி சொல்றீங்க?" அறிவிப்பைக் கேட்டு மகளும் சிரித்தாள். சிரித்தபடி குனிந்த தலையை இன்னும் நிமிர்த்தவில்லை. அறிவிப்பாளரின் விரல் பொத்தானின் மேல் இருக்கிறது, அழுத்தவில்லை. வெளியே விமானத்தின் இரைச்சல் கூடுகிறது. வாக்கிடாக்கி மறுபடி கரகரக்கிறது. வாசல்காரரின் குரலில் இப்போது கேலி இல்லை.

"அக்கா, கதவை மூடணும். நீங்க கூப்பிடாம உங்க பொண்ணு எழுந்திருக்க மாட்டா போலிருக்கு. கூப்பிடுறீங்களா?"