கலப்பைக்கு ஒரு முகம்

“ஹபீல் மாமா, அந்தத் தொப்பியைக் கொஞ்சம் கழற்றுவீர்களா?” என்று அதிகாரி அம்மணி சிங்களத்தில் கேட்டார். மிகவும் மரியாதையாகத்தான் கேட்டார்.

ஹபீல் கழற்றிச் சாரன் மடிப்பில் செருகிக்கொண்டார்.

படம் பிடிப்பவன் கமராவுக்குள் பார்த்தான். பிறகு அம்மணியைப் பார்த்தான். அம்மணி ஹபீலின் தாடியைப் பார்த்தார்.

தாடியை மடிப்பில் செருக முடியாது.

“மாமா, நீங்கள் அந்த நிழலில் கொஞ்சம் இருங்களேன்.”

ஒரே ஒரு நாளைக்கென்று கண்காட்சிக்காரர்கள் கெலிஓயாவில் அவர் வீட்டுக்கே வந்து கேட்டு வாங்கிப்போன கலப்பை; அவர் பெயரும் ஊரும் எழுதிய துண்டு இன்னும் அதில் ஒட்டியிருந்தது. இன்றைக்கு நான்காவது நாள். அதைத் திருப்பி எடுத்துப்போகத்தான் அவர் முச்சக்கர வண்டி பிடித்துக் குண்டசாலை மைதானத்துக்கு வந்திருந்தார். வந்த இடத்தில், கண்காட்சி வாசலில் கட்டும் பதாகைக்கு ஒரு படம் வேண்டுமென்று பிடித்துக்கொண்டார்கள். கண்டி மண்ணின் அடையாளமே இந்தக் கலப்பைதானாம்.

ஃபோன் அடித்தது. வீட்டிலிருந்து மனைவி றம்லத்.

“இன்னம் அங்கயா ஈக்கிறீங்க? மாடு ரெண்டும் சும்மா நிக்குது. நாளைக்கு வாய்க்கால் தண்ணி நம்மளுக்கு இல்ல, தெரியுந்தானே?”

தெரியும். மலைச்சரிவில் இருக்கும் அவருடைய துண்டு வயலுக்குள் உழவு இயந்திரம் இறங்காது. பாதி உழுதபடி கிடக்கிறது.

லொறியிலிருந்து பிளாஸ்டிக் கதிரைகளை இறக்கிக்கொண்டிருந்த ஒருவனை அம்மணி கைதட்டிக் கூப்பிட்டார். முப்பது வயதிருக்கும். அகன்ற மார்பு, நல்ல மீசை. சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். தலையில் சிவப்புத் துணி கட்டிவிட்டார்கள்.

அவன் கலப்பையைத் தூக்கித் துப்பாக்கி மாதிரித் தோளில் சாத்திக்கொண்டான்.

ஹபீல் பொறுத்துக்கொண்டார்.

அடுத்து, கொழு வானத்தைப் பார்க்க நிறுத்தினான். பிறகு ஏர்க்காலைக் கிரிக்கெட் மட்டைபோல இரண்டு கையாலும் பிடித்தான்.

அதற்கு மேல் முடியவில்லை. ஹபீல் நிழலை விட்டு எழுந்து போனார்.

“அது மாட்டுக்குப் போகும் பக்கம், மனிதா! இதுதான் பிடி. ஒற்றைக் கை போதும். மற்றக் கை மாட்டுக்கு.” சிங்களத்தில்தான் கத்தினார். அவன் தோளைப் பிடித்து அழுத்தினார். “குனி. உழுகிறவன் இப்படி விறைத்துக்கொண்டு நிற்பானா?”

“மாமா, உங்கள் கை படத்தில் விழுகிறது” என்றான் படம் பிடிப்பவன்.

ஹபீல் விலகினார்.

“நிழலும் விழுகிறது.”

இன்னும் விலகினார்.

“அருமை!” என்றார் அம்மணி. “அசல் கண்டி விவசாயி.”

அந்த வயலை ஹபீலின் வாப்பா உழுதார். வாப்பாவின் வாப்பாவும் அவருக்கு முந்தியவரும் உழுதார்கள். அதை இங்கே யாரிடம் போய்ச் சொல்வது? போதாக்குறைக்கு, தானே வலியப் போய்ச் சொல்லிக்கொடுத்தாயிற்று. அந்த எரிச்சல்தான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது.

அம்மணி குறிப்புப் புத்தகத்தோடு அவனிடம் வந்தார். “படத்துக்குக் கீழே போட வேண்டும். பெயர், ஊர்?”

“ஹபீல்” என்றான் அவன், நல்ல சிங்களத்தில். “கெலிஓயா.”

அம்மணியின் சிரிப்பு பாதியில் நின்றது. “மாமாவின் பெயரை நான் கேட்கவில்லையே.”

“கலப்பை அவருடையது. பிடிக்கச் சொல்லித் தந்ததும் அவர்தான்.”

அம்மணி ஹபீலைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், புத்தகத்தை மூடினார். “பெயர் வேண்டாம். கண்டி விவசாயி என்றே போட்டுவிடுவோம்.”

அவர் போனதும் அவன் சிவப்புத் துணியை அவிழ்த்து முகம் துடைத்தான். கலப்பையின் ஒரு முனையைத் தூக்கினான். மறுமுனையைப் பிடித்த ஹபீல், முச்சக்கர வண்டியை நோக்கி நடந்தபடி சிங்களத்தில் கேட்டார்: “உன் பெயரைச் சொல்ல வேண்டியதுதானே? ஏன் என் பெயரைச் சொன்னாய்?”

அவன் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். இப்போது பேசியது தமிழ்.

“எம்பேரச் சொன்னா மட்டும் எழுதிருவாங்களா, ஹபீல் நானா? நான் யோகராஜ்.”